உள்ளுக்கை கிடக்கிற வெள்ளை

அந்தக் கதிரை வேண்டாம் சம்மந்தி, அதுக்கு ஒரு கால் ஆட்டம். சோபாவிலை இருங்கோ. நீங்கள் சொன்னது எனக்கு வடிவா விளங்கிச்சு, திருப்பிச் சொல்லத் தேவையில்லை. அஜிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லாப்புக்கு வரவேணும். பேத்தி ஜெயனியின்ரை வாயுக்கை பஞ்சு விட்டு எடுப்பினம், உங்கடை மகன் தனுஜன்ரை வாயுக்கையும் எடுப்பினம். ரெண்டும் பொருந்தினா என்ரை மகள் உங்கடை வீட்டுக்குத் திரும்பி வரலாம். பொருந்தாட்டி அவளையும் பிள்ளையையும் நானே வைச்சிருக்க வேண்டியதுதான். இவ்வளவும்தானே?

என்ரை பதில், ஏலாது. அதை நான் வாசலிலை வைச்சே சொல்லியிருப்பன். ஆனா இல்-பிசாரிலை இருந்து இந்த ஸ்னோவுக்கை காரோடி வந்திருக்கிறியள், தேத்தண்ணி குடுக்காமல் அனுப்பினாச் சரியில்லை. குடிப்பியள்தானே எங்கடை வீட்டிலை? கலியாணத்தண்டு ஹோலிலை நீங்கள் குடிச்சது கேட்டரிங்காரன்ரை தேத்தண்ணி. இது நான் ஊத்தினது. ஆ, எடுங்கோ. சீனி காணுமோ?

ஜெயனி அங்காலை அறையிலை அஜிதாவோடை படுக்கிறாள். யன்னல் கேட்டன் இழுத்து விட்டிருக்கிறம், வெளிச்சம் கூசுது அவளுக்கு. ஸ்னோ விழுந்த நாளிலை இன்னும் மோசம், வெளியிலை முழுக்கப் பளபளப்பு. கறுப்புக் கண்ணாடி ஒண்டு வாங்கிப் போட்டிருக்கிறாள் அஜிதா, சின்ன டிஸ்கோக்காரி மாதிரி இருக்கிறாள். பாக்கப்போறியளோ? சரி, பேந்து. பேந்து எண்டு சொல்லித்தான் இவ்வளவு நாளும் பாக்காமல் இருக்கிறியள். பறுவாயில்லை.

நீங்கள் ரெண்டாவதா ஒண்டு சொன்னனீங்கள், அதுக்குத்தான் நான் மறுமொழி சொல்லவேணும். எங்கடை பரம்பரையிலை அப்பிடி ஒண்டு இருந்ததே இல்லை எண்டனீங்கள். நெஞ்சிலை கை வைச்சுச் சொன்னனீங்கள். ஆஸ்பத்திரியிலை அந்த டொக்டர் பிள்ளை வடிவா விளங்கப்படுத்தினவ. இது வருத்தமில்லை, தொத்துற சாமானில்லை, தோலுக்கும் மயிருக்கும் கண்ணுக்கும் நிறம் குடுக்கிற வேலை நடக்கேல்லை, அவ்வளவுதான். தாயிட்டையும் இருந்து தேப்பனிட்டையும் இருந்தாத்தான் பிள்ளையிலை வரும் எண்டு சொன்னவ. நானும் அங்கை நிண்டனான், நீங்களும் நிண்டனீங்கள். நான் அதைக் கேட்டு, ஓ, அப்ப ரெண்டு பக்கமும் இருக்குது எண்டு நினைச்சன். நீங்கள் அதையே கேட்டு, காருக்குள்ளை ஏறி, வீடு போய்ச் சேர முன்னம் வேறை கணக்குப் போட்டு முடிச்சிட்டியள். ரெண்டு பக்கமும் இருக்க வேணும், எங்கடை பக்கம் இல்லை, அப்ப தேப்பன் வேறை ஆள். கணக்காளர் எல்லோ.

ஆரெண்டும் கண்டுபிடிச்சாச்சு. அஜிதாவோடை வேலை செய்யிற வெள்ளைக்காரப் பெடியன் ஒருத்தனாம். உங்கடை வீட்டுக்காரி அதை ரொக்ஸ்பரோவிலை ஒராளுக்குச் சொல்ல, அது அங்கை இருந்து ரெயினேறி, பஸ்ஸேறி, சென்ட் லோரன்டிலை எங்கடை கட்டிடத்துக் கீழை உடுப்புத் தோய்க்கிற அறை வரைக்கும் வந்திட்டுது. நான் உடுப்பு எடுக்கப் போக ரெண்டு பேர் கதையை நிப்பாட்டிச்சினம். கதை நிக்கிற சத்தம் எனக்கு நல்லாத் தெரியும், சம்மந்தி. சின்ன வயசிலை இருந்து கேட்டு வளந்த சத்தம் அது.

இல்லை, கோவப்படேல்லை. திரும்பிப் பாருங்கோ, உங்கடை முதுகுக்குப் பின்னாலை. பயப்பிடாதேங்கோ, மூடி பூட்டிக் கிடக்கு. சோளப் பாம்பு எண்டு பேர். விசமில்லை. கடிச்சாலும் பூனை பிறாண்டின மாதிரித்தான். அஜிதா சொல்லியிருப்பாளே, அப்பா பாம்பு வளக்கிறார் எண்டு. கிழவனுக்கு மூளை பிசகிப்போச்சு எண்டு தமிழ்ச் சங்கத்திலையும் கதைக்கிறவை. அவை என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விட்டது பாம்பாலை இல்லை எண்டது வேறை கதை.

இந்தப் பெட்டியிலை இருக்கிறதைப் பாருங்கோ. செம்மஞ்சளும் வெள்ளையுமா, கண் ரெண்டும் சிவப்பு. கறுப்பெண்டு ஒரு புள்ளி கண்டுபிடியுங்கோ பாப்பம். கிடையாது. இது ஆண். அடுத்த பெட்டியிலை இருக்கிறதுதான் சாதாரண நிறம், மண்ணிறமும் சிவப்பும், சுத்திவரக் கறுப்புக் கரை. அது பெண். ரெண்டும் ஒரே இனம். ஐஸ் மழை பெய்து கரண்ட் நிண்ட வருசம் என்னோடை பிளாஸ்டிக் கொம்பனியிலை வேலை செய்த ஜில் எண்ட கிபெக்காரன், இந்தப் பெண்பாம்பு விறைச்சுச் சாகப்போகுது எண்டு போர்வையிலை சுத்திக்கொண்டு இஞ்சை ஓடி வந்தவன். எங்கடை தெருவிலை கரண்ட் இருந்தது. விட்டிட்டுப் போனவன் திருப்பி எடுக்கேல்லை. வெள்ளையை நான் பேந்து வாங்கினது. அவனும் நானும் சேந்துதான் அந்தக் கொம்பனியிலை யூனியன் கட்டினது. யூனியன் வந்தாப் பிறகு முதல்லை வெளியிலை போனது நாங்கள் ரெண்டு பேரும். அவன் தமக்கையின்ரை வீட்டுக்கு லக் சென்-ஜானுக்குப் போயிட்டான். எனக்கு மிஞ்சினது பாம்பு.

ஒரு வருசம் இதுகள் ரெண்டையும் சேத்து விட்டன். முட்டை வந்துது, ஈரப்பாசிக்கை வைச்சு வெக்கை குடுத்தன். ரெண்டு மாசத்தாலை குஞ்சு வெளியிலை வருது. வெள்ளை கொஞ்சம், மண்ணிறம் கொஞ்சமாப் பொரிக்கும் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்க, எல்லாம் மண்ணிறம். ஒண்டு மிச்சமில்லாமல். தேப்பன்ரை சாயலெண்டு ஒரு குஞ்சிலையும் இல்லை. நான் என்ன செய்தனான் தெரியுமோ? ஜில்லுக்குப் போன் அடிச்சு, உன்ரை பெண்பாம்பு என்னட்டை வர முன்னமே வேறை ஒண்டோடை சேந்திட்டுது, இது என்ரை வெள்ளையின்ரை குஞ்சில்லை எண்டு சண்டை பிடிச்சனான்.

ஓம், சிரியுங்கோ. சிரிக்கத்தான் சொன்னனான். நீங்கள் உங்கடை மருமகளுக்குச் சொன்னதை நான் ஒரு பாம்புக்குச் சொன்னனான். அதுக்குக் கேக்காது, அதாலை அது தன்ரை பாட்டிலை எலியை விழுங்கிக்கொண்டு கிடந்துது.

ஜில் எனக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினவன், பாம்பு வளக்கிற ஆக்கள் கண்காட்சிக்கு அடிச்சது, நாலு பக்கம். நான் எட்டாம் வகுப்போடை நிண்டவன் சம்மந்தி, மிச்சப் படிப்பு முழுக்க நோட்டீஸ்தான். ஸ்டென்சில் வெட்டி ரோணியோ மெசினிலை அடிச்ச நோட்டீஸ் வாசிச்சுத்தான் உலகம் எப்பிடிச் சுத்துதெண்டு படிச்சனான். அதாலை ஒரு நோட்டீசை எப்பிடி வாசிக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும். டிக்சனரியை வைச்சு ஒரு கிழமை இருந்தன். அதிலை இருந்ததைச் சொல்லுறன் கேளுங்கோ, இதுதான் விசயம்.

ஒவ்வொரு குஞ்சுக்கும் ரெண்டு துண்டு கிடைக்குது. தாயிட்டை ஒண்டு, தேப்பனிட்டை ஒண்டு. துண்டிலை கறுப்புப் பூசு எண்டு எழுதியிருக்கும், இல்லாட்டி வெறுந்துண்டாக் கிடக்கும். ரெண்டிலை ஒண்டிலை எழுதியிருந்தாலே காணும், பூச்சு நடக்கும், பாக்கிற கண்ணுக்குச் சாதாரணக் குஞ்சு. ரெண்டும் வெறுந்துண்டா வந்தாத்தான் வெள்ளை. என்ரை வெள்ளையிட்டை ரெண்டும் வெறுமை, அது குடுக்கிறது எப்பவும் வெறுந்துண்டுதான். பெண்ணிட்டை ரெண்டும் எழுதினது. அப்ப குஞ்சுகள் எல்லாம் ஒண்டு எழுதினது, ஒண்டு வெறுமை. எல்லாம் மண்ணிறம். ஆனா ஒவ்வொண்டின்ரை உள்ளுக்கையும் வெள்ளை கிடக்கு. தோலை உரிச்சுப் பாத்தாலும் தெரியாது.

அடுத்த கட்டம், அந்தக் குஞ்சுகள் வளந்தாப் பிறகு அதுகளுக்குள்ளையே சேத்து விட்டன். ஓம், சகோதரங்கள்தான். பாம்புக்கு மச்சாள் முறை, தங்கச்சி முறை கிடையாது. நீங்கள் முகத்தைச் சுளிக்காதேங்கோ, நாங்களும் ஒரு மூண்டு தலைமுறையாச் சொந்த மச்சாளைத் தவிர வேறை ஆக்களைப் பாக்காத சனம்தான். தேப்பன் மண்ணிறம், தாய் மண்ணிறம். முட்டை பிளக்குது, ஒண்டு, ரெண்டு, மூண்டு மண்ணிறம், பேந்து ஒரு ஓட்டுக்குள்ளாலை றோஸ் நிறத்திலை மூக்கு ஒண்டு நீளுது. ரெண்டு பேரிட்டையும் அந்த நிறம் இல்லை, பிள்ளையிட்டை இருக்கு. கள்ளப் புருசன் இல்லை, பேய் இல்லை, பாவம் இல்லை. ரெண்டு வெறுந்துண்டு ஒரே முட்டைக்குள்ளை வந்து சேந்திட்டுது.

நாலிலை ஒண்டு எண்டு சொல்லுவினம். அது நாலு குஞ்சு பொரிச்சா ஒண்டு வெள்ளை எண்டு அர்த்தமில்லை. ஒவ்வொரு முட்டைக்கும் புதிசாக் குலுக்கிறது. ஒருக்கா எட்டு முட்டையிலை ஒண்டும் வரேல்லை, இன்னொருக்கா ஏழிலை மூண்டு. முதல் பிள்ளைக்கு வந்திட்டுது, இனி வராது எண்டும் இல்லை, கட்டாயம் வரும் எண்டும் இல்லை.

மனுசர் பாம்பில்லை எண்டுறியள். சரி. டொக்டரும் இதைத்தானே சொன்னவ, துண்டெண்டு சொல்லேல்லை, வேறை பேர் சொன்னவ.

உந்தா, அந்தக் கீழ்த்தட்டுப் பெட்டியைப் பாருங்கோ, சாம்பல் நிறத்திலை ஒண்டு. அதிலை சிவப்பு இல்லை. வெள்ளையிலை கறுப்பு இல்லை, இதிலை சிவப்பு இல்லை. ரெண்டும் குறையுள்ளதுகள்தானே, சேத்தா எல்லாம் குறையாத்தான் வரும் எண்டு நினைச்சுச் சேத்து விட்டன். வந்ததெல்லாம் முழு நிறம், கடையிலை விக்கிற மாதிரி வடிவான குஞ்சுகள். ஏனெண்டா இதின்ரை வெறுமை வேறை, அதின்ரை வெறுமை வேறை. ஒண்டின்ரை குறையை மற்றது நிரப்பிப்போட்டுது. வெள்ளை வரவேணும் எண்டா ரெண்டு பக்கமும் ஒரே இடத்திலை வெறுமையா இருக்கவேணும்.

அதைத்தான் நான் கனநாளா யோசிக்கிறன். என்ரை மகளிட்டையும் உங்கடை மகனிட்டையும் ஒரே இடத்திலை வெறுமை. எங்கடை குடிசையளுக்கை உங்கடை ஆக்கள் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டினம். எங்கடை நிழல் உங்கடை முத்தத்திலை விழக்கூடாது. அப்ப அந்த ஒரே வெறுந்துண்டு வேலியைத் தாண்டி எப்பிடி வந்தது? வேறை வேறையாவும் வந்திருக்கலாம், அப்பிடியும் நடக்கும் எண்டு டொக்டர் சொன்னவ, அதை நான் மறைக்கேல்லை. ஆனா எங்கடை பக்கம் கிழவியள் வேறை ஒரு விதமாவும் கதைக்கிறவை. பகலிலை தூர நில் எண்டு சொன்ன நயினார்மார் இருட்டினாப் பிறகு எந்தப் படலையைத் திறந்தவை எண்டு அவையளுக்குத் தெரியும். நீங்கள் தலையைக் குனியத் தேவையில்லை, நீங்கள் செய்தது இல்லை. என்ரை அப்பர் உங்கடை அப்பரை நயினார் எண்டு கூப்பிட்டவர். நான் உங்களைச் சம்மந்தி எண்டுறன். அதுக்கு இடையிலை எவ்வளவு அடி விழுந்தது, எத்தினை பேர் செத்தது எண்டு எனக்குத் தெரியும். அதாலை அந்தச் சொல்லை நான் சும்மா சொல்லுறேல்லை, ஒவ்வொரு தரமும் வாய் நிறையச் சொல்லுறன்.

ஓம், கலியாணத்துக்கு நீங்கள் சம்மதிச்சனீங்கள். மறக்கேல்லை. பெடியன் ஒற்றைக் காலிலை நிண்டான், நீங்கள் சம்மதிச்சியள். உங்கடை பக்கத்தாலை ஹோலிலை ரெண்டு மேசை நிரம்பேல்லை, அதையும் மறக்கேல்லை. என்னோடை சேந்து சாதி ஒழிக எண்டு கத்தினவங்களே இஞ்சை மொன்றியலிலை இருந்துகொண்டு மகளுக்கு மாப்பிளை தேட ஊரின்ரை எந்தக் குறிச்சி எண்டு கேக்கிறாங்கள். அவங்களோடை பாக்கேக்கை நீங்கள் நல்லவர். நான் வெளியிலையும் அப்பிடித்தான் சொல்லுறனான். பிள்ளை பிறக்கும் வரைக்கும் சொன்னனான்.

பிள்ளை பிறந்தோடனை என்ன நடந்தது? குலம் மாறிக் கட்டினதாலை வந்த வினை எண்டு முதல் கதை. பேந்து டொக்டர் ரெண்டு பக்கமும் எண்டு சொன்னோடனை, எங்கடை ரத்தம் சுத்தம், அவள் நடத்தை சரியில்லை எண்டு ரெண்டாவது கதை. ரெண்டு கதைக்கும் முடிவு ஒண்டுதான். என்ரை பெட்டை குளிருக்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரக்சியிலை வந்து இறங்கினாள். தனுஜன் அவளின்ரை போனை எடுக்கிறானில்லை. கெட்ட பெடியன் இல்லை அவன், முதுகெலும்புதான் இன்னும் முளைக்கேல்லை.

செய்து காட்டினா முடிஞ்சுதே, பயமில்லையெண்டா ஏன் மாட்டன் எண்டுறியள்? நல்ல கேள்வி. என்னட்டைப் பொலிசும் கேட்டது, ஆமியும் கேட்டது, இயக்கமும் கேட்டது. பயமில்லையெண்டா ஏன் பையைத் திறந்து காட்ட மாட்டாய் எண்டு. பொருந்தும் சம்மந்தி. பஞ்சை எடுத்தா நூறுக்கு நூறு பொருந்தும், எனக்கு என்ரை மகளைத் தெரியும். பொருந்தினாப் பிறகு என்ன? நீங்கள் ஒரு பெட்டி இனிப்போடை வந்து கூட்டிக்கொண்டு போவியள். பேந்து அடுத்த பிள்ளைக்கும் பஞ்சு. அவள் வேலையிலை இருந்து அரை மணித்தியாலம் பிந்தி வந்தா அதுக்கும் ஒரு பஞ்சு. ஒருக்கா நிரூபிச்சவள் காலம் முழுக்க நிரூபிக்க வேணும். தீயிலை இறங்கு எண்டு கேக்கிறவன் தான் ஒரு நாளும் நெருப்புக்குக் கிட்ட நிக்கிறேல்லை. அஜிதாவும் அதைத்தான் சொன்னவள். நான் சொல்லிக் குடுக்கேல்லை, அவளாச் சொன்னது. அவருக்குத் தெரியவேணும் எண்டா அவர் என்னைக் கேக்கட்டும், லாப்பைக் கேக்க வேண்டாம் எண்டவள்.

உங்கடை பரம்பரை எண்டு திரும்பவும் சொல்லுறியள். கதைக்கு ஒப்புக்கொள்ளுவம், தனுஜன் தேப்பன்தான் எண்டு. அப்ப அவனுக்கு அந்த வெறுந்துண்டு ஆர் குடுத்தது? ஒண்டில் நீங்கள், ஒண்டில் உங்கடை வீட்டுக்காரி ஞானாம்பிகை அக்கா. வானத்தாலை விழேல்லை. அப்பிடியே பின்னுக்குப் போனா உங்கடை அப்பரோ அம்மாவோ. இந்தப் பெட்டியளிலை எது உள்ளுக்கை வெள்ளையை வைச்சிருக்கிற மண்ணிறம் எண்டு பாத்துச் சொல்ல ஏலாது, ஆனா வெள்ளைக் குஞ்சு ஒண்டு பொரிச்சிட்டா அதின்ரை தாய் தேப்பனிட்டை இருக்கெண்டது கல்லிலை எழுதின மாதிரி. அதோடை பிறந்த மற்றக் குஞ்சுகளிட்டையும் இருக்கக்கூடும், மண்ணிறமா வந்ததுகளிலை மூண்டிலை ரெண்டுக்கு. வெள்ளைக்கு ஒரு அண்ணன்காரன் இருந்தா, அவன் பாக்க எவ்வளவு நிறமா இருந்தாலும், அவனிட்டை அது இருக்கிற சாத்தியம்தான் கூட.

இருக்கேல்லை. சரி. ஒருத்தரும் இருக்கேல்லை. நீங்கள் சொல்லுறியள்.

உங்கடை தேத்தண்ணி ஆறுது.

உங்கடை அப்பற்றை வளவிலை வடக்குப் பக்கப் பனையளை ஆர் கள்ளுக்குச் சீவினது எண்டு ஞாபகம் இருக்கோ? என்ரை அப்பர்தான். சீவுறவன் ஏற முன்னம் கீழை நிண்டு பலமாக் குரல் குடுக்க வேணும். உச்சியிலை நிண்டா நாலு வளவும் தெரியும், பொம்பிளையள் உள்ளுக்கை போறதுக்கு நேரம் வேணுமாம். அப்பர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கோயில் கதவைத் திற எண்டு நாங்கள் நிண்ட வருசம் அது. அப்ப நாங்கள் ஒரு நோட்டீஸ் அடிச்சனாங்கள், சொந்தத் தொழில் செய்யிறவன் ஏன் கத்திப்போட்டு ஏறவேணும், அதுவும் ஒரு அடிமைத்தனம் எண்டு. எழுதினது நான். அந்தக் கிழமை அப்பருக்குக் காய்ச்சல், பாளைக்கத்தியைத் தந்து என்னை அனுப்பினவர். எழுதினவன் குரல் குடுக்கலாமோ? குடுக்காமல்தான் ஏறினனான். பட்டப்பகலிலை.

ஏன் எழும்புறியள்? இருங்கோ. சரி, நிண்டுகொண்டு கேளுங்கோ.

பாளையிலை கத்தியை வைச்சுக்கொண்டு கீழை பாத்தன். கிணத்தடியிலை, வாழையளுக்கை, ஒரு சின்னப் பெட்டை குந்தியிருந்து மண்ணிலை ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். தலைமயிர் சணல் நார் மாதிரி. கையும் காலும் உரிச்ச நுங்கு மாதிரி. கண்ணை இடுக்கிக்கொண்டு மூக்கு மண்ணிலை முட்டுற அளவுக்குக் குனிஞ்சிருந்தாள். பக்கத்திலை காக்கிக் களிசானோடை ஒரு பெடியன் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டவன். நிழல் முழுக்க அவளுக்கு. அவன் வெய்யிலுக்கை நிண்டவன்.

அவன் நிமிந்து பாத்தவன் சம்மந்தி. என்னை நேரா முகத்திலை பாத்தவன். கத்தியிருக்கலாம். ஒரு சத்தம் போட்டிருந்தா உங்கடை அப்பர் என்னைப் பனையோடை கட்டி வைச்சு உரிச்சிருப்பார். அவன் வாய் திறக்கேல்லை. குடையைச் சரிச்சு அவளை மறைச்சான், அவ்வளவுதான். நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா நான் குரல் குடுக்காமல் ஏறினது தெரியவரும், அப்பற்றை பனையள் போயிடும். பேந்து பேந்து அந்த வளவுக்குப் போகேக்கை அப்பர்தான் ஏறினவர், குரல் குடுத்துத்தான் ஏறினவர். நாலு வீட்டுக் கலியாணப் பந்தலிலையும் அந்தப் பெட்டையை ஒருத்தரும் கண்டதில்லை. முன்வாசலாலை வந்தவைக்கு அவள் இல்லை. அவளை எனக்குத் தெரிஞ்சதே நான் சொல் கேக்காமல் பனை ஏறினதாலைதான்.

அஜிதாவுக்கு நான் இதைச் சொல்லேல்லை. தனுஜனுக்கும் சொல்லேல்லை. அவன்ரை வாசலிலை போய்க் கத்த எனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? கத்தித்தானே சீவிச்சனான். ஆனா வெய்யிலிலை நிண்ட அந்தப் பெடியனுக்கு நான் ஒரு தரம் விட்டுப் பாக்கவேணும் எண்டு நினைச்சன். அதுதான் இவ்வளவு நேரமும் பெட்டி பெட்டியாப் பாம்பு காட்டினது. ஒவ்வொரு பெட்டியிலையும் நிப்பாட்டி உங்கடை முகத்தைப் பாத்தனான், இப்ப சொல்லுவார், இப்ப சொல்லுவார் எண்டு. நீங்கள் சொல்லேல்லை. இருக்கேல்லை எண்டு நாலு தரம் சொன்னனீங்கள்.

கோட்டு அந்தக் கொழுவியிலை கிடக்கு. இண்டைக்கு வீட்டை போய் மகனை இருத்திவைச்சு நீங்களே சொல்லுங்கோ. உங்கடை அம்மா சாகேக்கை சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவவோ, அப்பர் வாங்கினவரோ, எனக்குத் தெரியாது, அதுக்கும் இந்தப் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. நாளைக்கு அவன் இந்தக் கதவைத் தட்டவேணும். தட்டேல்லையெண்டா நான் அங்கை வருவன், ரொக்ஸ்பரோவிலையும் நிண்டு சொல்லிக்கொண்டுதான் வருவன். அவன் வந்தாலும் அஜிதா கதவைத் திறப்பாளோ எண்டு எனக்குத் தெரியாது. அது அவளின்ரை பாடு, நான் தலையிட மாட்டன்.

நில்லுங்கோ, சப்பாத்தைக் கட்டுங்கோ, படியிலை ஐஸ். ஒண்டே ஒண்டு கேக்கிறன், கோவத்திலை கேக்கேல்லை. இத்தனை வருசமா எனக்குக் கிணத்தடியிலை இருந்த உங்கடை தங்கச்சியை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை, வெள்ளைப் பெட்டை, வெள்ளைப் பெட்டை எண்டுதான் மனசுக்கை வைச்சிருக்கிறன். அவளுக்கு ஒரு பேர் வைச்சிருந்தவையோ?

என்ன?

இன்னும் கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ சம்மந்தி. உள்ளுக்கை அஜிதா முழிச்சுத்தான் இருக்கிறாள்.